நடைவண்டியிலிருந்து ஹாக்கி மட்டைக்கு

2022ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் நானும் என் மனைவியும் கனடா நாட்டின் டொராண்டோ நகரில் வாழும் எங்கள் மகள் வீட்டிற்குச் சென்றிருந்தோம். சென்ற மூன்றாம் நாள் மாலை, ஏழு வயதுப் பேத்தி தான் ஐஸ் ஹாக்கி கற்கப் போவதாக என்னிடம் அறிவித்தாள். எனக்கு அது பிடிக்கவில்லை. "பெண் குழந்தைக்கு எதற்கம்மா இந்த முரட்டு ஆட்டம்? விழுந்து கையைக் காலை முறித்துக்கொண்டால் யார் பார்ப்பது?" என்று மகளைக் கேட்டேன். பல்லாண்டுகள் பிள்ளைகளை அதட்டிப் பழகிய குரல்; ஓய்வு பெற்ற பின்னும் அது ஓயவில்லை. மகள் வாதாடவில்லை. "நாளைக்கு நீங்களும் வந்து பாருங்கள், அப்பா" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் கண்டதைச் சொல்கிறேன். ஊர் மக்கள் அனைவர்க்கும் உரிய பொதுப் பனித்தளம் அது. பளிங்குபோல் வழவழத்த பனிக்கட்டியின்மேல் இருபது முப்பது சிறுவர் சிறுமியர். தலையிற் கவசம், முகத்திற் கம்பி வலை, காலிலே கத்திபோல் தகடு பொருத்திய சறுக்குக் காலணி. அதனை ஸ்கேட் என்பர். ஆயின் எவர் கையிலும் மட்டை இல்லை. அதற்கு மாறாக, இடுப்பளவு உயரமுள்ள ஓர் உலோகச் சட்டத்தைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு தத்தித் தத்திச் சென்றனர். நம் ஊர்த் தச்சர் செய்து தரும் மூன்று சக்கர நடைவண்டியே என் நினைவிற்கு வந்தது. சக்கரம் ஒன்றுதான் குறை. ஹாக்கி கற்க வந்த பிள்ளைகளுக்கு மட்டை எப்போது தருவீர்கள் என்று பயிற்சி தரும் பெண்மணியை மகள் வாயிலாக வினவினேன். கையில் ஒன்றும் இல்லாமல் நிற்கத் தெரிந்த பிறகு தருவோம் என்று விடை வந்தது.

அந்த விடை என்னை விடவில்லை. அக்குளிர்காலம் முழுவதும் நூலகத்தில் அமர்ந்து இவ்வாட்டத்தின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். அங்குக் கண்ட ஒரு செய்தியைத்தான் மாணவர்களாகிய உங்கள்முன் வைக்க விரும்புகிறேன். ஒரு குழந்தை இரண்டு மூன்று குளிர்காலங்களிற் கடக்கும் வழியை, மனித இனம் கடக்கப் பல நூற்றாண்டுகள் ஆயின. நடைவண்டியைப் பிடித்த கை, பிடியை விட்ட கை, மட்டையை ஏந்திய கை என்னும் அதே வரிசையில்தான் வரலாறும் சென்றிருக்கிறது.

முதலில் இரும்பே கிடையாது, எலும்புதான். ஐரோப்பாவின் வட பகுதிகளில் குதிரை, மாடு ஆகியவற்றின் கால் எலும்பை ஒரு பக்கம் தேய்த்து வழவழப்பாக்கி, அதனைக் காலடியிற் கட்டிக்கொண்டு உறைந்த ஏரிகளைக் கடந்தனர். இத்தகைய எலும்புகள் அகழ்வாராய்ச்சிகளில் நிறையக் கிடைத்துள்ளன. இது விளையாட்டுக்காகத் தோன்றியதன்று. குளிர்காலத்திற் படகும் செல்லாது, கால்நடையும் அரிது என்ற நிலையிற் பிறந்த போக்குவரத்து வழி அது.

12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வில்லியம் ஃபிட்ஸ்டீபன் என்பவர் லண்டன் நகரை வருணித்து எழுதினார். பேராயர் தாமஸ் பெக்கெட்டின் வரலாற்றுக்கு முன்னுரையாக அமைந்தது அவ்வருணனை. நகரின் வடமதிலுக்கு வெளியே பெரிய சதுப்பு நிலம் ஒன்று இருந்தது. அது உறைந்ததும் இளைஞர்கள் காலில் எலும்பைக் கட்டிக்கொண்டு, இரும்புப் பூண் இட்ட கோலைப் பனிக்கட்டியில் ஊன்றி உந்திப் பறந்தனர் என்கிறார் அவர். சில வேளைகளில் இருவர் தொலைவிலிருந்து எதிரெதிரே விரைந்து வந்து கோல்களை ஓங்கி மோதிக்கொள்வராம். கையோ காலோ முறியுமாம். என் அச்சம் எண்ணூறு ஆண்டுப் பழமை உடையது என்று அறிந்தபோது சிறிது ஆறுதலாகத்தான் இருந்தது!

இங்கே அந்தக் கோலைக் கவனியுங்கள். எலும்புக்கு விளிம்பு கிடையாது. அடிப்பகுதி வழவழப்பாக இருக்கும். காலைப் பக்கவாட்டில் உதைத்தால் அது பனியைப் பற்றாது, நழுவிப் போகும். ஆகவே உந்து விசை கைகளிலிருந்தே வரவேண்டும். இரண்டு கைகளும் கோலைப் பிடித்தே ஆகவேண்டும். அத்தகைய மனிதன் பந்து ஆட முடியுமோ? கைதான் அவனுக்குக் கால். காலோ வெறும் சறுக்குப் பலகை.

இந்நிலையை மாற்றியவர்கள் நெதர்லாந்து மக்கள் எனலாம். கடல் மட்டத்திற்குத் தாழ்ந்த நிலம், ஊருக்கு ஊர் கால்வாய், குளிர்காலத்தில் அவையெல்லாம் பனிச்சாலை. 13, 14ஆம் நூற்றாண்டுகளில் அங்கே மரப்பலகையின் அடியில் இரும்புத் தகடு பொருத்திய சறுக்குக் காலணி வழக்கிற்கு வந்தது. இரும்பைத் தீட்டலாம், தீட்டினால் விளிம்பு உண்டாகும், விளிம்பு பனியைக் கவ்வும். அதன்பின், ஒரு காலைப் பக்கவாட்டில் உதைத்து மறு காலில் வழுக்கிச் செல்வது இயல்வதாயிற்று. கோல் தேவையற்றுப் போயிற்று. கைகள் விடுதலை பெற்றன.

இதற்கு ஒரு படச் சான்றும் உண்டு. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்கீடாம் என்னும் ஊரில் லிட்வினா என்ற இளம்பெண் பனியில் விழுந்து விலா எலும்பு முறிந்து, வாழ்நாள் முழுதும் நோயிற் கிடந்தார். பிற்காலத்தில் கத்தோலிக்க மக்கள் அவரைப் புனிதராகவும், பனியிற் சறுக்குவோரின் காவலராகவும் போற்றலாயினர். அவருடைய வரலாற்று நூலில் 1498ஆம் ஆண்டு அச்சான மரச்செதுக்குப் படம் அவர் விழுந்த காட்சியைக் காட்டுகிறது. எல்லாரும் விழுந்த பெண்ணைப் பார்ப்பர். நான் அவருக்குப் பின்னால் தொலைவிற் செல்லும் மனிதனைப் பார்த்தேன். ஒற்றைக் காலில் சாய்ந்து செல்கிறான் அவன். உந்துவதற்குக் கையிற் கோல் இல்லை.

விடுதலை பெற்ற கை நெடுநாள் சும்மா இருக்கவில்லை. பீட்டர் புரூகல் 1565இல் வரைந்த 'பனியில் வேடர்கள்' என்னும் ஓவியம் வியன்னா நகரில் இருக்கிறது. வேடர் மூவர் நாய்களுடன் மலைச்சரிவில் இறங்குகின்றனர். கீழே, எறும்புகள்போற் சிறிதாக, உறைந்த குளங்களில் மக்கள் சறுக்குகின்றனர். சிலர் கையில் வளைந்த மட்டை! அடுத்த தலைமுறையில் ஹென்ட்ரிக் ஆவர்காம்ப் (1585–1634) என்பவர் பனிக்கால்வாய்க் காட்சிகளையே வாழ்நாட்பணியாக வரைந்தார். அவர் பேச இயலாதவர். 'காம்பென் நகர ஊமை' என்றே அவரை அழைத்தனர். (நம் கம்பருக்கும் அந்நகருக்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்பதைக் குறும்புக்கார மாணவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.) அவர் ஓவியங்களில் கோல்ஃப் என்ற டச்சு ஆட்டத்தைப் பனிமேல் ஆடுவோரைக் காணலாம். அது இலக்கை நோக்கிப் பந்தை அடிக்கும் ஆட்டம், ஹாக்கி அன்று. எனினும் பனிக்கட்டி, இரும்புத் தகடு, வளைந்த மட்டை, பந்து ஆகிய நான்கும் ஓரிடத்திற் கூடிவிட்டன.

நெதர்லாந்தில் தொடக்கக்காரக் குழந்தைகளுக்கு ஒரு மர நாற்காலியைக் கொடுத்துப் பனிமேல் தள்ளச் சொல்வர். டொராண்டோவில் நான் கண்ட உலோகச் சட்டத்துக்கு மூதாதை அந்த நாற்காலியே. பள்ளியில் ஆசிரியர் அமரும் நாற்காலியை மாணவர் தள்ளுவது நம் நாட்டில் தண்டனைக்குரியது. அங்கே அது முதற்பாடம்!

சறுக்குவதில் தேர்வு வைத்துச் சேர்த்துக்கொண்ட சங்கமும் வரலாற்றில் உண்டு. ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரச் சறுக்குச் சங்கம் 18ஆம் நூற்றாண்டில் தோன்றியது. உறுப்பினராக விரும்புவோர் ஒவ்வொரு காலாலும் தனித்தனியே ஒரு முழுவட்டம் இடல் வேண்டும். பின்னர் தரையில் வைத்த ஒரு தொப்பியைத் தாண்டவேண்டும். அடுத்து இரண்டு, அடுத்து மூன்று. எழுத்துத் தேர்வு வைத்துக் களைத்துப்போன எனக்கு இந்தத் தொப்பித் தேர்வு பெரிதும் பிடித்திருந்தது. அச்சங்கத்து உறுப்பினராகிய ராபர்ட் வாக்கர் என்ற பாதிரியாரின் ஓவியம் எடின்பரோவில் உள்ள ஸ்காட்லாந்து தேசிய ஓவியக் காட்சியகத்தில் இருக்கிறது. ஹென்றி ரேபர்ன் 1790களில் வரைந்ததாகக் கொள்ளப்படுவது அது. வாக்கரின் தந்தை நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரிலுள்ள ஸ்காட்லாந்துத் திருச்சபையிற் பணிபுரிந்தவர். எனவே மகன் சிறு வயதில் டச்சுக் கால்வாய்களிலே பழகியிருத்தல் கூடும் என்பர். கரிய அங்கி அணிந்த அப்பெரியார் ஒற்றைக் காலில் வழுக்கிச் செல்கிறார். அவருடைய கைகள் எங்கே? மார்பின்மேல் கட்டிக்கொண்டிருக்கின்றன! கோல் ஊன்றிய லண்டன் இளைஞர்களையும் கைகட்டிச் செல்லும் இந்தப் பாதிரியாரையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். அறுநூறு ஆண்டு முன்னேற்றம் ஒரே நோக்கில் விளங்கும்.

இங்கிலாந்துப் பள்ளிப் பிள்ளைகளிடையே பனிமேல் ஹாக்கி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இருந்தது. உயிர்களின் தோற்றத்தை ஆராய்ந்த சார்லஸ் டார்வின் 1853இல் பள்ளியிற் படித்த தம் மகனுக்கு எழுதிய கடிதத்தில், சறுக்க நல்ல குளம் இருக்கிறதா என வினவி, தாம் சறுக்குக் காலணி அணிந்து பனிமேல் ஹாக்கி ஆடுவதில் மிக விருப்பம் கொண்டிருந்ததைக் குறிப்பிடுகிறார். அறிவியல் மேதையின் கால்களும் ஒருகாலத்திற் பனியில் தடுமாறியிருக்கும் என எண்ணுவதில் ஓர் இன்பம் இருக்கிறது.

ஆயினும் இன்றைய ஐஸ் ஹாக்கி உருப்பெற்ற நிலம் கனடா. எந்த ஊரிற் பிறந்தது என்ற வழக்கு அந்நாட்டில் இன்னும் ஓயவில்லை. அவ்வழக்கில் நான் நுழையப் போவதில்லை. கிழக்குக் கரையிலுள்ள நோவா ஸ்கோஷியா மாகாணத்தில், ஆங்கிலப் போர்வீரர்களும் குடியேறிய மக்களும் உறைந்த குளங்களில் ஆடினர். மீக்மா என்னும் பழங்குடியினர் உறுதியான மரத்தில், வேரின் இயற்கையான வளைவைக் கொண்டே, மட்டை செதுக்கி விற்றனர். ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்துக்கு எதிர்க்கரையில் டார்ட்மத் என்ற ஊர். அங்கே ஸ்டார் தொழிற்சாலை 1860களிலிருந்து ஒரு புதிய சறுக்குக் காலணியைச் செய்து உலகெங்கும் அனுப்பியது. தோல்வாரால் கட்டிய பழைய தகடுகள் ஆட்டத்தின் நடுவே கழன்றுவிடும். இதுவோ ஒரு நெம்புகோலை அழுத்தியவுடன் பூட்ஸோடு இறுகப் பற்றிக்கொள்ளும். திடீரென நிற்கவும் திரும்பவும் ஆட்டக்காரனுக்குத் துணிவு வந்தது இதன்பின்தான்.

ஹாலிஃபாக்ஸில் 1850ஆம் ஆண்டு பிறந்த ஜேம்ஸ் கிரைட்டன் என்ற பொறியாளர் மாண்ட்ரியல் நகரிற் பணியேற்றார். அங்கு விக்டோரியா பனித்தளம் என்னும் பெரிய கட்டடம் 1862இல் எழுந்திருந்தது. கூரையின்கீழ் இசை முழங்க, சீமான்களும் சீமாட்டிகளும் நளினமாகச் சறுக்கும் இடம் அது. நல்ல சறுக்கு வல்லுநராகிய கிரைட்டன் தம் நண்பர்களைக் கூட்டி அங்கே ஹாக்கிப் பயிற்சி செய்வித்தார். 1875ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் நாள் மாலை, பக்கத்துக்கு ஒன்பது பேராக, மக்கள் முன்னிலையில் ஓர் ஆட்டம் நடந்தது. கூரைக்குள் நடந்த முதல் முறையான ஐஸ் ஹாக்கி ஆட்டமாக அதனைப் பலர் கொள்வர். கிரைட்டனின் குழு இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வென்றது.

அன்று ஒரு சிறு மாறுதல் செய்தனர். உருண்டைப் பந்து மேலெழும்பிப் பார்வையாளர்மேற் படக்கூடும். ஆகவே தட்டையான வட்ட மரத்துண்டு ஒன்றைப் பயன்படுத்தினர். இன்று 'பக்' என்று வழங்கும் கடின ரப்பர் வில்லையின் முன்னோடி அது. இன்றைய பக் மூன்று அங்குல விட்டமும் ஓரங்குலக் கனமும் உடையது. எடை ஏறக்குறைய 160 கிராம். பார்வையாளரின் தலையைக் காக்க வந்த இம்மாறுதல் தொடக்கக்காரனுக்கும் பேருதவியாயிற்று என்பது என் கருத்து. துள்ளும் பந்தைக் கண்ணால் துரத்திக்கொண்டே காலையும் பார்த்துக்கொள்ளுதல் அரிது. தட்டை வில்லையோ பனியோடு ஒட்டிச் செல்கிறது.

1877இல் மாண்ட்ரியல் நாளிதழ் ஒன்றில் விதிகள் வெளியாயின. அவை பெரும்பாலும் இங்கிலாந்தின் புல்தரை ஹாக்கி விதிகளைத் தழுவியவை. ஆகவே நம் நாட்டுப் பிள்ளைகள் ஆடும் ஹாக்கிக்கும் இதற்கும் உறவு உண்டு. பங்காளிகள் என்றே சொல்லலாம். அவ்விதிகளின்படி பந்தை முன்னால் நிற்கும் கூட்டாளிக்குத் தள்ளுதல் கூடாது. எனவே மட்டைத் திறத்தினும் சறுக்கும் திறமே வெற்றி தந்தது. விரைந்து செல்லத் தெரியாதவனுக்கு வேலையே இல்லை. 1929இல்தான் தேசிய ஹாக்கி லீக் என்னும் தொழில்முறை அமைப்பு எல்லாப் பகுதிகளிலும் முன்னோக்கித் தள்ள இசைவளித்தது. கவர்னர் ஜெனரல் ஸ்டான்லி பிரபு 1892இல் அளித்த கோப்பை, 1911இல் பேட்ரிக் சகோதரர்கள் மேற்குக் கரையில் எழுப்பிய செயற்கைப் பனித்தளங்கள் முதலியவற்றைப் பற்றித் தனியே நூல்கள் உள்ளன; மாணவர்கள் தேடிப் படிக்கலாம். கிரைட்டனைப் பற்றி ஒன்று மட்டும் சொல்வேன். 1930இல் அவர் மறைந்தபோது ஆட்டாவாவில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் கல்லறைக்குப் பெயர்க்கல் நட்டது 2009ஆம் ஆண்டு.

இனி, கற்பிக்கும் முறைக்கு வருவோம். கால் முதலா, மட்டை முதலா என்ற வினாவுக்கு வரலாறு தரும் சிறந்த விடை சோவியத் நாட்டுக் கதை. ரஷியாவில் 'பாண்டி' என்னும் ஆட்டம் நெடுங்காலம் செல்வாக்குடன் இருந்தது. கால்பந்து மைதானம் அளவுள்ள பனிவெளியில், பக்கத்துக்குப் பதினொருவர், சிறு பந்தைக்கொண்டு ஆடுவது. பரந்த வெளி ஆகையால் நெடுந்தொலைவு நிற்காமற் சறுக்கும் ஆற்றல் அவர்கள் கால்களில் ஊறியிருந்தது. 1946ஆம் ஆண்டு டிசம்பரில்தான் கனடா முறை ஹாக்கியில் அந்நாட்டின் முதல் போட்டித் தொடர் தொடங்கியது. 1954இல், முதன்முறையாக உலகப் போட்டிக்கு ஸ்டாக்ஹோம் நகருக்கு வந்தபோது, கனடாவை ஏழுக்கு இரண்டு என்று வென்று பட்டத்தைக் கொண்டுபோயினர். அக்குழுவில் ஆடிய போப்ரோவ், கால்பந்திலும் பாண்டியிலும் முன்னரே பெயர்பெற்றவர். எட்டே ஆண்டுகள்! உலகம் வியந்தது. எனக்கு வியப்பில்லை. அவர்கள் எட்டாண்டிற் கற்றது மட்டையையும் பக்கையும் மட்டுமே. காலைப் பல்லாண்டுகளுக்கு முன்பே கற்றுவிட்டனர்.

அனடோலி தாரசோவ் என்ற பயிற்சியாளர் அதனை ஒரு முறையாக வகுத்தார். செயற்கைப் பனித்தளம் அருகியிருந்த நாளில், கோடையிலும் பிள்ளைகளை அவர் விடவில்லை. தரையில் ஓட்டம், தாவல், உருளல், கால்பந்து, உடற்பயிற்சி என்று உடலைப் பழக்கினார். பற்றாக்குறையே அவருக்குப் பாடத்திட்டம் ஆயிற்று. கருவியின்றிப் பள்ளி நடத்திய என்போன்றோர் அவரைத் தம் இனத்தவர் என்று உடனே கண்டுகொள்வர். 1972 செப்டம்பரில் கனடாவின் தொழில்முறை வீரர்களும் சோவியத் வீரர்களும் எட்டு ஆட்டங்கள் மோதினர். முதல் ஆட்டத்திலேயே மாண்ட்ரியலில் கனடா மூன்றுக்கு ஏழு என்று தோற்றது. இறுதியில், மாஸ்கோவில் எட்டாம் ஆட்டம் முடிய 34 நொடிகள் இருக்கையில் பால் ஹெண்டர்சன் போட்ட கோலால் கனடா தொடரை வென்றது. வென்றும் அவர்கள் அமைதி கொள்ளவில்லை. பிள்ளைகளுக்கு நாம் கற்பிக்கும் முறை சரிதானா என்ற ஐயம் அந்நாட்டில் எழுந்தது. வெற்றிக்குப் பின் எழும் ஐயமே படிப்புக்கு உதவுவது.

வீட்டு முற்றத்துப் பள்ளி ஒன்றையும் சொல்லவேண்டும். ஆண்டாரியோ மாகாணத்துப் பிரான்ட்ஃபோர்டு நகரில் வால்ட்டர் கிரெட்ஸ்கி என்பவர், புல்வெளிக்கு நீர் தெளிக்கும் கருவியால் இரவில் தண்ணீர் தெளித்து, கொல்லைப்புறத்தையே பனித்தளம் ஆக்கினார். 1961இல் பிறந்த அவர் மகன் வெயின் இரண்டு வயதிற் சறுக்கத் தொடங்கினான். தந்தை பனிமேல் தகரக் குவளைகளை வைத்து, அவற்றினிடையே வளைந்து வளைந்து பக்கைக் கொண்டுசெல்லப் பழக்கினார். ஆறு வயதில் அச்சிறுவன் பத்து வயதுப் பிள்ளைகளின் குழுவிற் சேர்ந்தான். அவ்வாண்டு முழுவதும் அவன் போட்ட கோல் ஒன்றே ஒன்று! பின்னாளில் உலகின் தலைசிறந்த ஹாக்கி வீரர் எனப் பெயர்பெற்ற வெயின் கிரெட்ஸ்கியின் முதல் ஆண்டு மதிப்பெண் அது.

இவ்விடத்தில் என் குறை ஒன்றை நான் மறைத்தல் தகாது. நான் தலைமை ஆசிரியனாக இருந்த பள்ளியில் ஹாக்கிக் குழு உண்டு, பரிசுகளும் பெற்றோம். ஒரு பையன் மாலைதோறும் இரவல் மட்டையோடு மைதான ஓரத்தில் வந்து நிற்பான். ஒருநாள் ஆட இடம் கேட்டான். நான்கு அடி ஓடியதும் தடுமாறினான். "முதலில் ஓடக் கற்றுக்கொண்டு வா" என்று அனுப்பிவிட்டேன். அவன் பிறகு வரவில்லை. அவனுக்கு ஓடக் கற்றுத்தர வேண்டியவன் யார்? அதற்குத்தானே அரசு எனக்குச் சம்பளம் தந்தது? தத்தித் தள்ளாடும் பிள்ளைகளைப் பனித்தள ஓரத்திலிருந்து பார்த்த அன்று, பல ஆண்டுகளுக்குப் பின், அவன் முகம் என் கண்முன் வந்தது.

அங்கே கற்பிக்கும் வரிசையைச் சொல்கிறேன். முதற்பாடம் விழுதல். முழங்காலை மடக்கிப் பக்கவாட்டில் சாய்ந்து விழவேண்டும். பிறர் காலணித் தகடு விரல்மேல் ஏறாதபடி கையை மூடிக்கொள்ளவேண்டும். பிறகு எழுதல். ஒரு முழங்காலில் மண்டியிட்டு, மற்றைய காலை ஊன்றி, அம்முழங்காலின்மேல் இரு கைகளையும் வைத்து எழவேண்டும். "தாத்தா, விழத்தான் முதலில் சொல்லித் தந்தார்கள்" என்று பேத்தி பெருமையோடு வந்து சொன்னாள். நான் அஞ்சிய ஒன்றையே அவர்கள் பாடத்தின் முதல் ஏடாக வைத்திருந்தனர்.

அடுத்து நின்ற இடத்தில் கால் தூக்கி நடத்தல். இரு காலிலும் வழுக்குதல். கால்களை அகற்றி மீண்டும் சேர்த்து மீன் வடிவில் கோடிடுதல். குதிகாலை வெளியே தள்ளி நிற்றல். சறுக்குக் காலணித் தகட்டின் அடி நடுவிற் குழிந்திருக்கும்; அதனால் உள்விளிம்பு, வெளிவிளிம்பு என இரண்டு உண்டு. இவ்விரண்டையும் காலால் உணர்ந்தவனே வளைவில் கால்மாற்றித் தாண்டவும், பின்னோக்கிச் செல்லவும் வல்லவனாவான். இதன்பிறகே மட்டை. காலணியோடு நிற்கையில் மோவாய் அளவு உயரம் அதற்குப் போதும். மட்டையை முதலிலேயே கொடுத்தால் குழந்தை அதனை ஊன்றுகோலாக்கிக்கொண்டு அதன்மேற் சாய்ந்து நிற்கும். எலும்பு கட்டிய லண்டன் இளைஞனாக மீண்டும் மாறிவிடும் என்க.

மட்டை வந்ததும் முழுப் பனித்தளத்தில் விடுவதில்லை. முழுத் தளம் இருநூறு அடி நீளம். ஆறு வயதுக் குழந்தைக்கு அது பாலைவனம். நன்றாகச் சறுக்கும் ஒருவனே பக்கைக் கொண்டு ஓட, மற்றவர்கள் பின்னால் நிற்பர். ஆகவே தளத்தைக் குறுக்கே பிரித்துச் சிறு சிறு ஆடுகளங்களாக்கி ஆடவிடுகின்றனர். கனடாவின் ஹாக்கி அமைப்பு 2017இல் இளஞ்சிறாருக்கு இதனைக் கட்டாயமாக்கியது. பெற்றோர் சிலர் எதிர்த்தனராம். தம் பிள்ளை பெரிய தளத்தில் ஆடுவதைக் காணும் ஆசை அவர்களுக்கு! நம் ஊரிலும் இத்தகைய பெற்றோரை நான் அறிவேன்.

என் அச்சம் முற்றும் பொய்யன்று. 1968ஆம் ஆண்டு பில் மாஸ்டர்டன் என்ற தொழில்முறை வீரர் ஆட்டத்தில் தலை பனியில் மோத விழுந்து உயிர் நீத்தார். அவர் தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை. புதிதாய்ச் சேரும் தொழில்முறை வீரர்கள் கவசம் அணிந்தே ஆகவேண்டும் என்ற விதி 1979இல்தான் வந்தது. சிறுவர் ஆட்டத்தில் உடலால் மோதித் தடுத்தலைப் பற்றியும் நெடிய வழக்கு நடந்தது. அதனை அனுமதித்த ஆல்பர்ட்டா மாகாணத்தையும் அனுமதிக்காத க்யூபெக் மாகாணத்தையும் ஒப்பிட்ட கால்கரிப் பல்கலைக்கழக ஆய்வு 2010இல் வெளியாயிற்று. பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு மோதல் அனுமதித்த இடத்திற் காயம் மும்மடங்குக்கு மேல் என்று அது காட்டியது. 2013இல் அவ்வயதினர்க்கு அம்முறை கனடா முழுவதும் விலக்கப்பட்டது. மகளிர் ஆட்டத்தில் அத்தகைய மோதல் தவறு எனக் கொள்ளப்பட்டிருந்தது. இச்செய்தியைப் படித்த அன்று மாலை, மகளிடம் நான் வாய் திறக்கவில்லை. ஆனால் மறுநாட் பயிற்சிக்குப் பேத்தியை நானே அழைத்துச் சென்றேன்.

"பெண் குழந்தைக்கு எதற்கு" என்று நான் கேட்ட கேள்விக்கும் அந்நகரிலேயே விடை இருந்தது. 1955-56 பருவத்தில், டொராண்டோவில் ஒன்பது வயதுச் சிறுமி ஆப்பி ஹாஃப்மன், முடியைக் குறுக வெட்டிக்கொண்டு, பையன்களின் குழுவில் பின்காப்பு நிலையில் ஆடினாள். நன்றாக ஆடியதே வினையாயிற்று. சிறந்த ஆட்டக்காரர் குழுவுக்குத் தேர்ந்தெடுத்தபோது பிறப்புச் சான்றிதழைக் கேட்டனர்; உண்மை வெளிப்பட்டது. பின்னாளில் அவர் ஓட்டப் பந்தய வீராங்கனையாக நான்கு ஒலிம்பிக் போட்டிகளில் ஓடினார். மகளிர் ஐஸ் ஹாக்கி ஒலிம்பிக்கில் இடம்பெற்றது 1998இல், ஜப்பானின் நகானோ நகரில்.

வழி எல்லார்க்கும் ஒன்றுபோல் திறந்திருக்கவில்லை என்பதற்கு இன்னொரு வாழ்க்கையும் சான்று. கிரீ பழங்குடியிற் பிறந்த ஃபிரெட் சசகமூஸுக்குப் பாட்டனார் உறைந்த ஏரியிலே சறுக்கக் கற்பித்தார். பின்னர் அச்சிறுவனைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, பழங்குடிப் பிள்ளைகளுக்கென அரசும் திருச்சபைகளும் நடத்திய உறைவிடப் பள்ளிக்குக் கொண்டுபோயினர். அப்பள்ளியில் அவர் பட்ட கொடுமைகளைப் பிற்காலத்தில் அவரே உரைத்தார். 1953-54இல் சிகாகோ குழுவுக்காகத் தேசிய லீக்கில் பதினோர் ஆட்டங்கள் ஆடினார். பாட்டனார் தந்த பாடமும் பள்ளி தந்த துன்பமும் ஒரே மனிதனிடம் இருந்தன. ஓர் ஆசிரியனாக இதைப் படித்தபின் அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

அக்குளிர்காலத்தில் ஆட்டாவா நகருக்குச் சென்று ரீடோ கால்வாயில் பேத்தி சறுக்குவதைக் காண எண்ணியிருந்தோம். 7.8 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பனிச்சாலை 1970களின் தொடக்கத்திலிருந்து ஆண்டுதோறும் திறக்கப்பட்டு வந்தது. 2022-23ஆம் பருவத்தில், பனி போதிய கனம் பெறாமையால், முதன்முறையாகத் திறக்கப்படவே இல்லை. நெதர்லாந்தில் பதினொரு நகரங்களை இணைத்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் சறுக்கும் புகழ்பெற்ற பந்தயம் 1997க்குப் பின் 2023 வரை ஒருமுறையேனும் நடைபெறவில்லை. இயற்கைப் பனி காசு கேட்பதில்லை. செயற்கைப் பனிக்கு மணிக்கணக்கிற் கட்டணம். குளமும் ஏரியும் உறையாத காலம் வருமாயின், கொல்லைப்புறத்துப் பள்ளிகள் மூடப்படும். வசதியுள்ளோர் வீட்டுப் பிள்ளைகளே மட்டையைத் தொடும் நிலை வரும். இந்தக் கவலையை அங்குள்ள முதியோர் பலர் வாயிலாகவும் கேட்டேன்.

நம் நாட்டிலும் பனி உண்டு. சிம்லாவில் 1920இல் தோன்றிய இயற்கைப் பனித்தளம் உள்ளது. லடாக்கில் லே நகரத்துக் குளங்கள் உறையும் இரண்டு திங்கள் மட்டுமே முன்னர்ப் பயிற்சி கிடைத்து வந்தது. அப்பயிற்சியைக் கொண்டே, பெரும்பாலும் லடாக் பெண்களால் ஆன இந்திய மகளிர் குழு 2017ஆம் ஆண்டு பாங்காக் நகரில் பிலிப்பைன்ஸ் குழுவை நான்குக்கு மூன்று என்று வென்று தன் முதற் சர்வதேச வெற்றியைப் பெற்றது.

மார்ச்சுத் திங்களில் நாங்கள் ஊர் திரும்புவதற்கு முந்திய நாள், பயிற்சித் தளத்தில் பேத்தியின் கையில் மட்டை கொடுத்தனர். இரண்டடி சென்றாள், மட்டை ஒரு பக்கம், தான் ஒரு பக்கமாக விழுந்தாள். மண்டியிட்டு, முழங்காலிற் கைவைத்து, சொல்லித் தந்தபடியே எழுந்தாள். ஓரத்தில் ஒதுக்கிவைத்திருந்த அந்த உலோகச் சட்டத்தை என் பக்கம் தள்ளி, "நீங்கள் வாருங்கள், தாத்தா" என்றாள். பயிற்சி தந்த பெண்மணி எனக்கு அளவான காலணி எடுத்துவர உள்ளே போனார்.